நோட்டுப் புத்தகமும் ஓவியக்கூடமும்: சோழமண்டலத்தில் ஒரு மாணவர் என்ன பார்க்கிறார்?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். அதன் வளாகத்தில் 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மெட்ராஸ் கலை இயக்க அருங்காட்சியகம், சென்னையில் உருவான நவீன ஓவியங்களையும் சிற்பங்களையும் ஓரிடத்தில் நிரந்தரமாக வைத்திருக்கிறது. பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் இங்கு வருகிறார்கள். பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்ற பணியோடு வருபவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பக்கத்தில் ‘படங்கள் மிக அழகாக இருந்தன’ என்றோ, ‘படங்கள் புரியவில்லை’ என்றோ எழுதி நிறுத்திவிடுவது எளிது. இரண்டுமே பார்வையைத் தொடங்கிய இடத்திலேயே முடித்துவிடுகின்றன. ஆனால் இந்தச் சுவர்களில் இருப்பவை தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்கு அந்நியமானவை அல்ல. ஜாதகக் கட்டம், சாமிக்குச் சாத்தும் கவசம், அம்புலிமாமா படக்கதையின் அரண்மனை என்று அவர் சிறுவயதிலேயே கண்டவற்றிலிருந்தே பல படைப்புகள் எழுந்திருக்கின்றன. பார்ப்பதற்கு வேண்டியதில் பாதி அவரிடமே இருக்கிறது. மறுபாதியை வரலாறு தரும்.

அந்த வரலாறு பெரியமேட்டில் தொடங்குகிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். தொடக்கத்தில் அது தொழிற்கலைப் பள்ளி. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை, அச்சுக்கலை ஆகியவற்றில் தேர்ந்த கைவினைஞர்களை உருவாக்குவதே நோக்கம். ஓவியன் என்ற தனிமனிதனுக்கு அங்கு பெரிய இடம் இருக்கவில்லை. 1920-களின் இறுதியில் வங்காளத்திலிருந்து வந்து பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதை மாற்றினார். பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். மெரினாவில் 1959-இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பு. பாறையைப் பெயர்க்கும் நான்கு உடல்களின் தசையையும் விசையையும் அறியாத தமிழர் குறைவு. அவரிடம் பயின்ற தலைமுறைதான் பின்னாளில் அவருடைய பாணியிலிருந்து விலகி வேறு திசையில் நடந்தது.

அந்தத் தலைமுறையின் நடுவில் நிற்பவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையிலும் இன்ஷூரன்ஸிலும் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில்தான் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு கல்லூரிக்கு முதல்வரானார். அவரையும் அவரைச் சுற்றியிருந்தவர்களையும் வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. ஐரோப்பிய நவீன ஓவியத்தை அவர்கள் விரும்பிக் கற்றார்கள். பணிக்கரே 1954-இல் லண்டன் சென்று அதை நேரில் பார்த்தவர். ஆனால் அதே பாணியில் சென்னையில் உட்கார்ந்து வரைந்தால் அது யாருடைய ஓவியம்? அஜந்தாவையும் ராஜஸ்தானியச் சிற்றோவியத்தையும் திரும்ப வரைவதும் விடையாகத் தோன்றவில்லை. நவீனமாகவும் இருக்க வேண்டும், இந்த மண்ணிலிருந்தும் வர வேண்டும் என்ற இரட்டை நெருக்கடியே மெட்ராஸ் கலை இயக்கத்தின் பிறப்பிடம். கூடத்துக்குள் நுழையும் மாணவர் இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல் தோன்றும் படங்கள் பேசத் தொடங்கும். ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்கு ஒருவர் கண்ட விடை.

கேள்வி வயிற்றையும் தொட்டது. கல்லூரியை விட்டு வெளியே வந்த ஓவியருக்கு அன்றைய சென்னையில் படம் விற்கும் சந்தை இல்லை. பலர் நெசவாளர் சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து துணிகளுக்கு வடிவமைப்புச் செய்தார்கள். சிலர் விளம்பரத்துறைக்குப் போனார்கள். பணிக்கர் தம் மாணவர்களைக் கைவினைப் பொருள்கள் செய்யச் சொன்னார். பத்திக் துணிகளும் உலோகப் பொருள்களும் நன்றாக விற்றன. அந்த வருமானத்தைக் கொண்டு சவுக்குத்தோப்பும் மணலுமாகக் கிடந்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் கிராமத்தை நிறுவினார்கள். பகலின் ஒரு பகுதி கைவினைக்கு, மீதி ஓவியத்துக்கு என்று வாழ்ந்தார்கள். அரசோ செல்வந்தரோ கட்டித் தராமல், ஓவியர்கள் தங்கள் கைவேலையால் எழுப்பிய ஊர் இது. சுவரிலுள்ள ஒரு செப்புத் தகட்டுச் சிற்பத்தைப் பார்க்கும்போது இதை அறிந்திருப்பது உதவும். அந்த உலோக வேலையின் நேர்த்தியில் பிழைப்புக்காகப் பழகிய கையும் இருக்கிறது.

பணிக்கர் 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியத்தின் முன்தான் பெரும்பாலான மாணவர்கள் திகைத்து நிற்பார்கள். பின்னணியில் ஒரே தளமாகப் பூசிய வண்ணம். அதன்மேல் பொடிப்பொடியாக எழுத்து வரிசைகள், கட்டங்கள், முக்கோணங்கள், அங்கங்கே ஒரு மீன், ஒரு பறவை, பாம்பு, குச்சிபோன்ற மனித உருவம். எழுத்து மலையாளம்போல் இருக்கும். மலையாளம் தெரிந்தவர் நெருங்கிப் படித்தாலும் வாக்கியம் கிடைக்காது. கட்டங்கள் ஜாதகம்போல் இருக்கும். பலன் சொல்ல முடியாது. என்ன எழுதியிருக்கிறது என்று தேடுபவர் ஏமாந்துபோவார். எப்படி எழுதியிருக்கிறது என்று பார்ப்பவருக்குக் கிடைப்பது வேறு. நம் வீடுகளில் ஓலைச்சுவடியையோ ஜாதக நோட்டையோ விரித்தால், அதைப் படிக்கத் தெரியாதவருக்கும் ஏதோ ஒரு மதிப்பும் அச்சமும் தோன்றும். அந்த எழுத்துக்குப் பொருள் தெரியாமலேயே அதற்கு ஆற்றல் இருப்பதாக மனம் ஒப்புக்கொள்கிறது. பணிக்கர் அந்த ஆற்றலைப் பொருளிலிருந்து பிரித்தெடுத்துக் கித்தானில் வைத்தார்.

இந்த வரிசைக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு மாணவரின் கணக்கு நோட்டு. எண்களும் ஆங்கில எழுத்துகளும் இயற்கணித வரிகளுமாக இருந்த ஒரு பக்கம், அதன் விடை சரியா தவறா என்பதைத் தாண்டி, வெறும் காட்சியாக அவர் கண்ணில் பட்டது. முதலில் எண்களையும் ரோமன் எழுத்துகளையும் பயன்படுத்தி, பிறகு மலையாள எழுத்துருவுக்கு வந்தார். நோட்டுப் புத்தகத்தோடு கூடத்துக்குள் வரும் மாணவர் அந்த ஓவியத்துக்கு எவ்வளவு நெருக்கமானவர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பணிக்கரை விரிவாகப் பார்க்க விரும்புபவர்களுக்குத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவருடைய படைப்புகளுக்கென்றே ஒரு தனிக்கூடம் இருக்கிறது.

மெட்ராஸ் ஓவியர்களை ஒன்றாகக் கட்டுவது எது என்று கேட்டால், கோடு என்பதே சரியான விடை. வண்ணத்தைக் குழைத்து ஒளியையும் நிழலையும் காட்டுவதைவிட, ஒரு கோட்டை இழுத்து உருவத்தைப் பிடிப்பதில் இவர்களுக்கு ஈடுபாடு அதிகம். கோயில் சுவரோவியத்திலும் வாசல் கோலத்திலும் உருவம் கோட்டால்தான் நிற்கிறது என்பதால் இது வியப்பில்லை. ஆனால் ஒவ்வொருவர் கோடும் வேறு. திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜின் கோடு தயங்காமல் ஓடும். உருவத்தைச் சுற்றி வளைத்து, எங்கோ அறுந்து, மறுபடி பிடித்துக்கொள்ளும். எல். முனுசாமியிடம் கோடும் தூரிகை வீச்சும் கலந்து, மனித உருவம் கரைந்துபோகும் எல்லைவரை செல்லும்.

கே.எம். ஆதிமூலத்தின் கோட்டைத் தமிழ் வாசகர்கள் ஓவியக்கூடத்துக்குப் போகாமலேயே அறிவார்கள். துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர் அவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களில், காந்தியின் உடல் சில இடங்களில் அடர்ந்த கீறல்களாகவும் சில இடங்களில் வெறும் தாளாகவும் இருக்கும். வரையாமல் விட்ட இடத்தைப் பார்ப்பவரின் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் அவரே. சிறுபத்திரிகைகளும் நூல் அட்டைகளும் அவர் கையால் புதிய முகம் பெற்றன. பின்னாளில் அவர் கோட்டை விட்டுவிட்டு, நிலமும் வானமும் மட்டுமே மிஞ்சியதுபோன்ற அரூப வண்ண ஓவியங்களுக்குச் சென்றார். கோட்டில் இவ்வளவு தேர்ந்தவர் ஏன் அதைக் கைவிட்டார் என்று ஒரு மாணவர் கேட்டு எழுதினால், அது நல்ல கட்டுரையின் முதல் வரி.

கே. ராமானுஜத்தின் படங்களுக்கு முன் நேரம் ஒதுக்க வேண்டும். 1940-இல் பிறந்து 1973-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட ஓவியர் அவர். மனநோயோடும் தனிமையோடும் வாழ்ந்தார். பணிக்கர் அவரைச் சோழமண்டலத்துக்கு அழைத்துவந்து ஆதரித்தார். பேனா மையில் நெருக்கமாகப் பின்னிய கோடுகளால் அவர் கோபுரங்களையும் வளைவுகளையும் மாடங்களையும் எழுப்பினார். அவற்றினூடே சிறகுள்ள விலங்குகள், நாகங்கள், அணிகலன் பூண்ட பெண்கள் உலவினார்கள். பல படங்களில் தொப்பி அணிந்த ஒரு சின்ன மனிதன் இருப்பான். அது அவரேதான். அம்புலிமாமாவின் படங்களையும் விட்டலாச்சார்யாக் காலத்துப் புராணப்பட அரங்குகளையும் பார்த்து வளர்ந்த கண் இந்த உலகத்தை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். வாழ்க்கையில் கிடைக்காத இடத்தை ஒருவர் தாளில் கட்டிக்கொண்டார் என்று சொல்லிவிடுவது எளிது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய துயரத்தை மட்டும் எழுதிவிட்டுக் கோட்டை மறந்துபோவது அவருக்குச் செய்யும் அநீதி. ஓர் அங்குல இடத்தைக் குனிந்து பார்த்தால், இருள் எங்கே தேவை, ஒளி எங்கே தேவை என்று அவர் எவ்வளவு தெளிவாகக் கணக்கிட்டிருக்கிறார் என்பது தெரியும்.

சிற்பங்களில் முதலில் கண்ணைக் கவர்பவை உலோகத் தகட்டு வேலைகள். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கி, அதன்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்துக் கண், மூக்கு, மாலை, அணிகலன் ஆகியவற்றை அமைத்தார். இவை முன்பக்கம் பார்க்கவே செய்யப்பட்டவை. ஐரோப்பியச் சிற்ப மரபில், சிலையைச் சுற்றிவந்து எல்லாத் திசையிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது எழுதாத விதி. கருவறைக்கு முன் நிற்பவருக்கோ முன்பக்கம் மட்டுமே உண்டு. மூலவருக்கு வெள்ளிக் கவசம் சாத்திய நாளில் கோயிலுக்குப் போனவர் எவரும், தகடு எப்படி ஓர் உடலாகிறது என்பதைக் கண்டிருப்பார். ஜானகிராம் அந்தக் கவசத்தைக் கல்லிலிருந்து கழற்றித் தனியாக நிற்கவைத்தார். உள்ளே மூலவர் இல்லாத கவசம் சிற்பமாக நிற்பது துணிவான செயல்.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் இந்த முன்னோக்கிய சிற்ப முறையை வேறு எல்லைக்குக் கொண்டுபோனார். லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். செம்பு, பித்தளை, வெள்ளிப்பூச்சு, எனாமல் வண்ணம் என்று பலவற்றைச் சேர்த்துக் கதை சொல்லும் உருவங்களைப் பற்றவைத்தார். ஒரு சிற்பத்துக்குள் மரமும் பறவையும் தெய்வமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். இவர்கள் எல்லோருக்கும் ஆசிரியரான எஸ். தனபால் மண்ணிலும் வெண்கலத்திலும் வேலை செய்தவர், ஔவையாரை உருவாக்கியவர், நடனமும் கற்றவர். அவருடைய ‘ஒரு சிற்பியின் சுயசரிதை’ தமிழிலேயே கிடைக்கிறது. சென்னைக் கலைப்பள்ளிக்குள் என்ன நடந்தது என்பதை உள்ளிருந்து சொல்லும் அந்த நூலைப் படித்துவிட்டு வரும் மாணவருக்குக் கூடம் வேறாகத் தெரியும். சி. தட்சிணாமூர்த்தியின் கருங்கல் முகங்களையும் பெண் உருவங்களையும் இதே வழியில் பார்க்கலாம்: கல்லில் எவ்வளவு குறைவாகச் செதுக்கி எவ்வளவு முகத்தைக் கொண்டுவருகிறார் என்பதே அங்கு கவனிக்க வேண்டியது.

ஜே. சுல்தான் அலி ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். பிறகு சோழமண்டலத்தில் குடியேறினார். பஸ்தர் பழங்குடியினரின் உருவங்களிலிருந்து அவருடைய காளைகளும் நாகங்களும் தேவதைகளும் வந்தன. உருவத்தைச் சுற்றி எழுத்துகளும் ஓடும். எம். ரெட்டப்ப நாயுடு பிள்ளையாரைத் திரும்பத் திரும்ப வரைந்து, ஒரு சுழியும் சில தூரிகை வீச்சுகளும் மட்டுமே மிஞ்சும்வரை கொண்டுபோனார். எங்கே பிள்ளையார் என்று மாணவர்கள் தேடும் விளையாட்டுக்கு இடம் தருவதாலேயே அவை அவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். கே.வி. ஹரிதாசன் யந்திர வடிவங்களை எடுத்துக்கொண்டார். வி. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸுக்குப் போய் வடிவியலின் வழியே தங்கள் பாதையைத் தொடர்ந்தார்கள். ஆர்.பி. பாஸ்கரன் பூனைகளையும், பழைய கல்யாண போட்டோக்களில் விறைப்பாக அமர்ந்திருக்கும் தம்பதிகளையும் வரைந்தார். அந்தத் தம்பதிப் படங்களின் முன் பேச்சு தானாகப் பிறக்கும். எல்லார் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு போட்டோ தொங்கியிருக்கிறது.

இந்த இயக்கத்தைப் பற்றிப் பேசும்போது பெண்களின் பெயர்கள் மிகக் குறைவாகவே வருகின்றன. பொன்னானியில் பிறந்து சென்னையில் பயின்ற டி.கே. பத்மினி, பெண்ணுடலையும் அதைச் சூழ்ந்த இயற்கையையும் தமக்கே உரிய வகையில் வரைந்தவர். 1969-இல் முப்பது வயதுக்குள் பிரசவத்தின்போது இறந்துபோனார். நுணுக்கமான மைக்கோட்டோவியங்களைத் தந்த அர்னவாஸ், சிற்பி அனிலா ஜேக்கப் ஆகியோரும் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். கூடத்தைச் சுற்றிவரும் மாணவி ஒருவர், எத்தனை பெயர்ப்பலகைகளில் பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதினால், அதுவும் முக்கியமான பதிவே. எது தொங்குகிறது என்பதைப்போலவே எது தொங்கவில்லை என்பதும் ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்லும்.

பெயர்ப்பலகை பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஓவியக்கூடங்களில் அது ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஓவியரின் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு ஆகிய நான்கும் அதில் இருக்கும். பல சமயம் தலைப்பு இராது. தமிழ்வழியில் படித்த மாணவர் அந்தப் பலகையிலேயே தயங்கி நின்றுவிடுவது வருந்தத்தக்கது. இந்த ஓவியர்களில் பலர் தமிழ்ச் சிறுபத்திரிகைகளோடும் எழுத்தாளர்களோடும் நெருங்கிப் பழகியவர்கள். அவர்களுடைய படைப்புக்குக் கீழே இரண்டு வரி தமிழ் இருப்பது எந்தக் கூடத்துக்கும் பெரிய செலவாகாது.

எழுதும் பக்கத்துக்கு வருவோம். முதல் பார்வையில் தோன்றியதை அப்படியே குறித்துக்கொள்வது நல்லது. பிறகு படிக்கும் விளக்கங்கள் அதை அழித்துவிடும். அடுத்தது, பொருள் தேடுவதற்கு முன் இருப்பதைச் சொல்வது: படம் எவ்வளவு பெரியது, கண் முதலில் எங்கே போகிறது, எந்த வண்ணம் அதிகம், கோடு தடிமனா மெல்லியதா, வண்ணம் தட்டையாகப் பூசியதா அடுக்கடுக்காக ஏறியதா, விளிம்புவரை நிரம்பியிருக்கிறதா வெற்றிடம் விட்டிருக்கிறதா. பத்தடி தொலைவில் நின்றும் ஓரடி நெருங்கியும் பார்த்தால் இரண்டு வேறு படங்கள் கிடைக்கும். ராமானுஜம் நெருங்கச் சொல்வார். ஆதிமூலத்தின் வண்ண ஓவியம் விலகச் சொல்லும். கைபேசியில் எடுத்த படத்தை வீட்டில் வைத்து எழுதுவது போதாது. ஐந்தடிக் கித்தானும் அரையடித் தாளும் திரையில் ஒரே அளவாகிவிடும். ஜானகிராமின் தகட்டில் மேடும் பள்ளமும் மறைந்துவிடும். அதைவிட ஒரு பென்சிலால் நோட்டில் படியெடுத்துப் பார்ப்பது பலமடங்கு கற்றுத்தரும். சந்தானராஜின் ஒரு வளைவைத் திரும்ப இழுக்க முயன்ற கைக்கு, அந்த ஓட்டத்தின் வேகம் தெரிந்துவிடும்.

இரண்டு படைப்புகளை அருகருகே வைத்து எழுதுவது இன்னும் பயன் தரும். பணிக்கரின் எழுத்தும் சுல்தான் அலியின் எழுத்தும் ஒன்றல்ல. முன்னது கித்தானின் மையத்தையே பிடித்துக்கொள்கிறது, பின்னது உருவத்துக்குத் துணைநிற்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. பிடிக்காததையும் எழுதலாம், ஏன் என்று சொல்லத் தெரிந்தால். குறியீடுகளை அள்ளி வைத்தால் போதும், இந்தியத்தன்மை வந்துவிடும் என்று நம்பிய படங்களும் இந்த இயக்கத்தில் உண்டு. அவற்றில் யந்திரமும் ஓங்காரமும் வெறும் அலங்காரமாக நின்றுவிட்டன. அதை உணரும் மாணவரின் கண் தவறு செய்யவில்லை.

ஓவியர்கள் சிலர் கிராமத்திலேயே குடியிருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்க வாய்த்தால், படத்துக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி உரையாடலை மூடிவிடும். எதை முதலில் வரைந்தீர்கள், இந்தத் தகட்டை எவ்வளவு நேரம் சூடாக்கினீர்கள், எந்த இடத்தில் நிறுத்துவது என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால் விரிவான பதில் வரும். வெளியே மரங்களுக்கிடையே பல நாட்டுச் சிற்பிகளின் கற்சிற்பங்கள் நிற்கின்றன. வளாகத்திலுள்ள மற்றக் கூடங்களில் இன்றைய ஓவியர்களின் கண்காட்சிகள் மாறிமாறி நடக்கின்றன. நிரந்தரத் தொகுப்பைப் பார்த்த பிறகு அவற்றைப் பார்ப்பது நல்லது. இன்று வரைபவர் பழைய கேள்வியைத் தொடர்கிறாரா, விட்டுவிட்டாரா என்பது அப்போது புலப்படும்.

ஒரே நாளில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்கும் போய்வர முடியும். தென்னிந்தியப் பழைய வீடுகளும் கைவினைகளும் உள்ள அந்த வளாகத்திலும் ஓவியக்கூடம் இருக்கிறது. மெட்ராஸ் ஓவியர்கள் எடுத்தாண்ட சுடுமண் உருவங்களையும் மரவேலையையும் அவற்றின் இயல்பான இடத்தில் அங்கு காணலாம். நகருக்குள் இருப்பவர்களுக்குக் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் கண்காட்சிகள் தொடர்ந்து நடக்கின்றன. பெரியமேட்டுக் கல்லூரியில் இன்றும் மாணவர்கள் பயில்கிறார்கள். அவர்கள் வைக்கும் கண்காட்சிகளில், தம் வயதையொத்த ஒருவர் வரைந்ததைப் பற்றி வரைந்தவரிடமே பேசி எழுதும் வாய்ப்பு பள்ளி மாணவருக்கும் உண்டு.